தோல் வாரும் சவரக்கத்தியின் வாயும்

கேள்வி: முன்பெல்லாம் எங்கள் ஊர்ச் சலூனில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தோல் வார் தொங்கும். முடிதிருத்துபவர் சவரக்கத்தியை அதில் மேலும் கீழுமாக இழுத்த பிறகுதான் முகத்தில் வைப்பார். எஃகைவிடத் தோல் எவ்வளவோ மென்மையானது. அது எப்படிக் கத்தியைக் கூராக்கும்? கூராக்கும் என்றால் சாணைக்கல் எதற்கு?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வெறும் தோல் கத்தியைக் கூராக்குவதில்லை என்றே சொல்லிவிடலாம். கூரை உண்டாக்குவது கல். அந்தக் கூர் ஒவ்வொரு சவரத்திலும் சீர்கெடாமல் பார்த்துக்கொள்வது தோல் வார்.

சவரக்கத்தியைக் கல்லில் கிடத்தினால் அதன் தடித்த முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். முதுகு 6 மில்லிமீட்டரும் அலகின் அகலம் 20 மில்லிமீட்டரும் என்று வைத்துக்கொண்டால், இரு பக்கமும் சேர்ந்து வாயில் அமையும் கோணம் ஏறத்தாழ 17 டிகிரி. கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை, கத்தியின் வடிவமே தீர்மானித்துவிடுகிறது என்பது இதில் ஒரு வசதி. காய்கறி நறுக்கும் கத்திக்குப் பெரும்பாலும் இதைப்போல் இரு மடங்கு கோணம் இருக்கும். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் நுனி அரை மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். அதாவது மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தாடி முடியின் தடிமனோ 100 மைக்ரானையொட்டி இருக்கும். இத்தனை மெலிந்த எஃகு நன்றாக வெட்டும், ஆனால் எளிதில் கெட்டும் போகும்.

கெடுவது மூன்று வகையில் நடக்கிறது. முதலாவது, நுனி ஒரு பக்கமாகச் சாய்வது. கல்லிலிருந்து எடுத்தவுடன் வாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இரண்டாவது, துரு. பழைய சவரக்கத்திகள் ஏறத்தாழ 1 விழுக்காடு கரிமம் கலந்த எஃகினால் ஆனவை; துருப்பிடிக்காத எஃகு அல்ல. சோப்பு நீரின் ஈரம் ஓரிரவு தங்கினால்கூட அரை மைக்ரான் நுனியை அரித்துவிடப் போதும். கண்ணுக்குத் துரு தென்படும் வரை அது காத்திருப்பதில்லை.

மூன்றாவது வகைதான் சுவாரசியமானது. எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான முடி, எஃகை எப்படி மழுங்கச் செய்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெம் தாசானின் ஆய்வுக்கூடத்தில் ஜான்லூக்கா ரொஷோலி என்ற ஆராய்ச்சியாளர், பயன்படுத்தி எறியும் ரேசரால் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதன் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். வாய் மெல்ல மெல்லத் தேய்ந்து உருண்டிருக்கும் என்பது எதிர்பார்ப்பு. அங்கே இருந்தவையோ சில்லுகள்! முடி வளைந்துகொடுத்துச் சாய்வாகப் பிளேடைச் சந்திக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு இடத்துக்கு இடம் மாறுபட்டிருக்க, அதில் வலுக்குறைந்த புள்ளி ஒன்று முடியின் பக்கவாட்டில் அமைந்துவிட்டால், அந்த இடத்தில் வாய் சில்லாகப் பெயர்கிறது என்று 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர்கள் எழுதினார்கள்.

இனித் தோலுக்கு வருவோம். சாய்ந்த நுனியை நிமிர்த்துவது, ஈரத்தையும் சோப்புப் படிவையும் மெல்லிய துருப் படலத்தையும் துடைத்தெடுப்பது, வாயை மெருகேற்றுவது ஆகியவையே அதன் வேலை. சில்லுப் பெயர்ந்த இடத்தைத் தோலால் நிரப்ப முடியாது. பள்ளத்தின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள எஃகைத் தேய்த்து இறக்கியாக வேண்டும். அதற்குத்தான் கல். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கத்தி ஒழுங்காக வாரில் இழுக்கப்பட்டால் மாதக்கணக்கில் கல்லைத் தேடாது. இடைவழியும் ஒன்று உண்டு: தோலில் குரோமியம் ஆக்ஸைடு என்னும் பச்சைப் பசையைத் தடவிவிட்டால், எஃகைவிடக் கடினமான அதன் நுண்துகள்கள் எஃகைச் சிறிதளவு அராவிவிடும். அப்போது அது வார் என்பதைவிட மிக நுண்ணிய கல் என்பதே பொருந்தும்.

கல்லில் தீட்டும்போது வாய் முன்னால் போகும். வாரில் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட வேண்டும். வாயை முன்னால் தள்ளினால் தோல் வெட்டுப்படும், நுனியும் கெடும். திருப்பும்போதும் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே உருட்டித் திருப்புவார்கள். வாரைத் தளரப் பிடித்து அழுத்தி இழுப்பது அதைவிட மோசம்: தொய்ந்த தோல் கத்தியின் வாயைச் சுற்றி வளைந்து, கூராக்க வந்த கையே நுனியை உருட்டிவிடும். பலருடைய கத்தி வாரில் இழுக்க இழுக்க மழுங்குவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. வார் விறைப்பாக இருக்கட்டும். கத்தியின் சொந்த எடைக்கு மேல் மிகச் சிறிதளவு அழுத்தமே போதும். பயன் தெரிந்துகொள்ள, விளக்கின் கீழ் வாயை நேர் மேலே வைத்துப் பாருங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும்.

கத்திக்கு ஓய்வு கொடுத்தால் கூர் தானாகத் திரும்பும் என்று ஐரோப்பாவில் நம்பியவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வாரத்தின் ஏழு நாள்களின் பெயர் பொறித்த ஏழு கத்திகளைப் பெட்டியாகவே விற்றார்கள். எஃகு சும்மா கிடந்து கூரேறுவதில்லை. ஏழு கத்திகளுக்கு வேலை பகிர்ந்துபோவதால் ஒவ்வொன்றும் மெதுவாக மழுங்கும், அவ்வளவே.

கேள்வி: பழைய பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்த்து மறுபடி பயன்படுத்துவார் என் தாத்தா. இன்றைய பிளேடுக்கும் அது பலிக்குமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தாத்தா செய்தது வீண்வேலை அல்ல. இரு வாய் பிளேடை விரலால் அழுத்தினால் அது தம்ளரின் வளைவோடு ஒத்து வளையும். வழவழப்பான கண்ணாடி அதன் வாயைச் சற்றே சீராக்கும். கிங் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற ரேசர், தீட்டவே வேண்டாத பிளேடை முன்வைத்தது. ஆனாலும் பிளேடைத் தூக்கி எறிய எல்லோருக்கும் மனம் வந்துவிடவில்லை. ஹென்றி கைஸ்மனின் ஆட்டோஸ்ட்ராப் ரேசரில் பிளேடைக் கழற்றாமலே தோல் வாரில் இழுத்துத் தீட்ட வழி இருந்தது. 1930-இல் அந்த நிறுவனமும் ஜில்லெட்டும் ஒன்றாயின.

அந்தக் காலத்து பிளேடு பூச்சில்லாத கரிம எஃகு. இன்றையது துருப்பிடிக்காத எஃகு. அதன் வாயில் வறுக்கும் சட்டியில் பூசும் டெஃப்லான் வகைப் பூச்சு மிக மெல்லியதாகப் படிந்திருக்கும். முடியை அறுக்கும்போது இழுவை தெரியாமலிருப்பதற்கு அந்தப் பூச்சு பெரிதும் உதவுகிறது. கண்ணாடியில் தேய்த்தால் முதலில் போவது அதுதான். மறுபடி பூச வீட்டில் வழியில்லை. பிளேடு நெடுநாள் உழைக்க வேண்டுமானால் சவரம் முடிந்ததும் நீரில் அலசி, வாயைத் துணியால் துடைக்காமல், உதறி உலர வையுங்கள்.