தையல் ஆலையில் சலங்கை கட்டலாம், கூரையைப் பார்த்துவிட்டு

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் பரதமும் மிருதங்கமும் சொல்லித் தருகிறோம். ஜேக்கப்ஸ் பக்கம் 1950களில் கட்டிய தையல் ஆலை ஒன்று பூட்டிக் கிடக்கிறது, வாடகை குறைவு. ஓவியம், மட்பாண்டமும் சேர்த்து அங்கே கலைப்பள்ளி தொடங்க ஆசை. முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: அண்ணாந்து கூரையைப் பாருங்கள். அந்தக் காலத்து ஆலை என்றால் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுதான். 2008இல் தடை வந்தாலும் பழையவை இன்னும் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. முழுசாக இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. துளை போட்டாலோ, பாசி போக பிரஷர் வாஷரால் அடித்தாலோ நார் பறக்கும், பிள்ளைகள் அதைத்தான் சுவாசிப்பார்கள். 2020 விதிகளின்படி ஆஸ்பெஸ்டாஸ் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் இருக்க வேண்டும். உரிமையாளரிடம் அதைக் கேளுங்கள். கழற்றுவதற்குப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும், தெரிந்த கொத்தனார் ஆகாது.

கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் கண்ணாடி இருந்தால் உங்களுக்கு யோகம். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் கண்ணாடியைத் தெற்கே வைத்துக் கட்டினார்கள். நேர் வெயில் பெரும்பாலும் விழாத, சீரான வெளிச்சம். ஓவிய வகுப்புக்கு வேறென்ன வேண்டும்? அழகுக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டு அதை மூடிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

நடனத்துக்கு வருவோம். சிமெண்ட் தரையில் காலைத் தட்டி ஆடும் தட்டடவு போட்டால் முழங்காலும் கணுக்காலும் சும்மா விடாது. ரப்பர் துண்டுகள் மேல் மரச்சட்டம், அதன் மேல் பலகை என்று கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் தரை போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை செலவைப் பார்த்து டைல்ஸ் ஒட்டினார், ஒரே வருடத்தில் பெயர்த்தார். அப்புறம், கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். ஓசை இழுத்துக்கொண்டே போனால் ஜதி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். கனத்த திரையும் சுவரில் ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகையும் ஓரளவு அடக்கும். மிருதங்கத்துக்குத் தனி அறைதான் சரி. தகட்டுக் கூரையில் ஜனவரி மழை கொட்டினால் வாயால் சொல்லும் சொல்கட்டு காதில் விழாது.

காகித வேலைதான் பலரைக் கவிழ்க்கிறது. ஆலைக்குக் கிடைத்த அனுமதி பள்ளிக்குச் செல்லாது. கட்டட விதிக் கணக்கில் ஆலையில் ஒருவருக்கு 15 சதுர மீட்டர், கல்விக்கூடத்தில் 5. 300 சதுர மீட்டர் கூடத்தில் 20 பேர் என்பது 60 ஆகிவிடும். கழிப்பறை, அவசர வழி எல்லாம் அந்தக் கணக்குப்படி கூடும். நில வகைப்பாடு பள்ளிக்கு இடம் கொடுக்கிறதா என்பதையும் டர்பனின் இதெக்வினி மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள். 60 வயது தாண்டிய கட்டடம் என்பதால் 1999 மரபுச் சட்டத்தின் 34ஆம் பிரிவும் குறுக்கே வரும். ஒரு சுவரை இடிப்பதற்கும் மாகாண மரபுக் காப்பு அமைப்பான அமாஃபாவின் அனுமதி வேண்டும். மிரள வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் நியூடவுனில் இந்தியப் பழச்சந்தையாக இருந்த கட்டடம்தான் 1976இல் மார்க்கெட் தியேட்டர் ஆனது.

மாநகராட்சி ஒப்புதல் வந்த பிறகே வாடகை தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உரிமையாளர் முகம் சுளித்தால், ஆஸ்பெஸ்டாஸ் பட்டியலை இன்னொரு முறை கேளுங்கள்.