வெங்காயத்துக்கு விழுந்த வாக்குகள்

அன்பின் ஐயா,

2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் நின்றது, 1982இல் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் நின்றதன் மறுபதிப்பு என்று எங்கள் ஊர் வாசிகசாலையில் பேசிக்கொள்கிறார்கள். இருவரும் வெல்வதற்காக நிற்கவில்லை. இருவருக்கும் யாழ்ப்பாணம்தான் கைகொடுத்தது. வரலாறு திரும்புகிறது என்று சொல்லலாமா?

வாசகர், கோண்டாவில்

அன்பின் நண்பருக்கு,

ஒற்றுமை உண்டு. குமார் பொன்னம்பலம் நாடு முழுவதும் பெற்ற 173,934 வாக்குகளில் 87,263 யாழ் தேர்தல் மாவட்டத்தில் விழுந்தவை. அரியநேத்திரனின் 226,343இல் 116,688 இங்கிருந்து போனவை. இருவருக்கும் ஏறத்தாழப் பாதி. வாசிகசாலைக் கணக்கு இதுவரை சரி.

ஆனால் 1982 முடிவுகளின் இரண்டாம் வரியை ஏனோ யாரும் வாசிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் அடுத்த இடம் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு: 77,300 வாக்குகள், 35 வீதத்துக்கும் மேல். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்காரர், 1970-77 ஆட்சியில் விவசாய அமைச்சர். பல்கலைக்கழகம் போகத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி பெறவேண்டிய தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும், சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் கொடுத்த 1972 அரசியலமைப்பை இயற்றியதும் அதே ஆட்சிதான். பிறகு எப்படி இத்தனை வாக்கு? அந்த ஆட்சி வெங்காயம், மிளகாய் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடு எழுந்தது. வெங்காயத்தைக் கட்டித் தூக்கிவைத்து, விலை ஏறும்வரை காத்திருக்கத் தோட்டக்காரருக்குத் தெம்பு இருந்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன இறக்குமதிக்குச் சந்தையைத் திறந்துவிட்டார். மகனின் பல்கலைக்கழக இடம் பறிபோனதற்காக முந்தைய ஆட்சியைத் திட்டிய தகப்பனே, வாக்குச்சீட்டில் கொப்பேகடுவவுக்குப் புள்ளடி போட்டிருக்கக்கூடும். இனம் ஒரு கணக்கு, தோட்டம் இன்னொரு கணக்கு. தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்ற அந்தத் தேர்தலில், பாதிப்பேர் வாக்களிக்கவே போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபதிப்பு என்றால் எனக்கு இந்தச் சிதறல்தான் மறுபதிப்பு. 2024இலும் இங்கே முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கு, 121,177. ரணில் விக்கிரமசிங்கவுக்கும் 84,558 கிடைத்தது. 'தமிழர் ஒரே குரலில்' என்ற மேடைப் பேச்சு இரண்டு தடவையும் வாக்குப்பெட்டிக்குள் எடுபடவில்லை. ஒரே குரலாக நின்றது விடுதலைப் புலிகளின் 2005 ஜனாதிபதித் தேர்தல் புறக்கணிப்பில்தான் என்பார்கள், 1.2 வீதமானோர் மட்டுமே வாக்களித்த அந்த நாளில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்ல நான் துணியமாட்டேன்.

இரண்டு ஆண்டுகளும் உண்மையில் பிரிவது தேர்தலுக்கு அடுத்த இரண்டு மாதங்களில். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியாக வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு 7 வீதமே கொடுத்த இதே மாவட்டம், நவம்பர் பொதுத் தேர்தலில் அவருடைய அணிக்கு ஆறில் மூன்று ஆசனங்களைக் கொடுத்தது. 1982இல் மனம் மாற யாருக்கும் அப்படியொரு பொதுத் தேர்தல் கிடைக்கவில்லை. ஜே.ஆர். அதற்குப் பதிலாக டிசெம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்: நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்ட விளக்குச் சின்னம், வேண்டாமென்றால் குடம். யாழ்ப்பாணம் திரண்டு குடத்துக்குப் போட்டது. நாட்டில் விளக்கு வென்றது.