லாக்வுட் புத்தகங்கள்: எதிலிருந்து தொடங்குவது?

ஜோனதன் ஸ்ட்ரவுடின் பேய் வேட்டை நாவல்களிலிருந்து எடுத்த 'லாக்வுட் அண்ட் கோ' தொடர் நெட்ஃபிளிக்ஸில் ஒரே சீசனோடு நின்றுபோச்சே, நேராக மூன்றாம் புத்தகத்துக்குத் தாவலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாவலாம், அந்த எட்டு எபிசோடும் முதல் இரண்டு புத்தகங்களின் கதைதான். ஆனாலும் முதலாவதை விடாதீர்கள், லாக்வுட்டின் பேய் வேட்டை நிறுவனத்தில் வேலை பார்க்கும் லூசி தன் வாயால் கதை சொல்லும் குறும்பு திரையில் பாதிகூட வரவில்லை.

என் வரிசையில் முதலிடம் மூன்றாவதுக்குத்தான், 2015இல் வந்த 'தி ஹாலோ பாய்'. ஹோலி என்ற பெண் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் லூசிக்கு வரும் பொறாமை இருக்கிறதே, பேய்களைவிட அதுதான் ஆபத்து! அப்புறம் முதலாவது, ஐந்தாவது, இரண்டாவது. நான்காவது கடைசி, ஜாடிக்குள் இருந்து பேசும் மண்டையோட்டின் நக்கலுக்காக அதையும் படிக்கலாம். மூன்றாவதை முடிக்கும்போது நான்காவது கையில் இருக்கட்டும், லூசி எடுக்கும் முடிவைப் பார்த்தபின் தூக்கம் வராது.