அம்மாவுக்கு ஏன் வந்தது? – கடிதம்

வணக்கம்.

என் அம்மாவுக்கு 54 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று போன மாதம் தெரிந்தது. தீட்டு நின்று இரண்டு வருடம் கழித்து உதிரம் பட்டிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. வெற்றிலைகூடப் போடாதவர். 'இது தப்பான சகவாசத்தால் வருவதாமே' என்று சித்தி யாரிடமோ போனில் பேசியது அம்மா காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இது பரம்பரையாக வருமா? என் மகளுக்குப் பத்து வயது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சித்தி பாதி படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். இந்த நோய்க்கு ஹெச்.பி.வி. என்ற வைரஸ் காரணம், அது உடலுறவில் தொற்றும் என்பது வரை சரி. அதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசெனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குடும்பம் நடத்துகிற ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றிவிட்டுப் போகிற வைரஸ் அது. கணவரைத் தவிர யாரையும் அறியாதவருக்கும் வரும். (உடனே அப்பாவை விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.) பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது வருடம் ஆகும்.

அந்த இடைவெளியில் யாராவது பார்த்தார்களா என்பதுதான் பெரிய விஷயம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, வினிகரில் இருப்பதுதான், கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பலருக்கு அப்போதே அதை உறைய வைத்து அழித்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்த நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையில்!

பரம்பரை இதில் பெரிய காரணம் இல்லை. முப்பது தாண்டியிருந்தால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தீட்டு நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். இதை வீட்டுப் பெண்கள் எல்லோரிடமும் சத்தமாகவே சொல்லுங்கள்.

அம்மா சாப்பிட்டே ஆக வேண்டும். ரேடியேஷன் தொடங்கினால் வயிற்றுப்போக்கு வரலாம், அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். இந்தப் பதிலை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

அப்புறம், மகளுக்குத் தடுப்பூசி. 9 முதல் 14 வயதுதான் அதற்குச் சரியான காலம். வைரஸ் தொற்றுமுன் போட்டால்தான் முழுப் பலன். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக் 2023-இல் வந்துவிட்டது. குழந்தைகள் டாக்டரிடம் கேளுங்கள்.