மேலுதட்டில் குத்திக்கொள்ளப்போகும் தங்கைக்கு

படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது, மேலுதட்டின் நடுக்குழியில் குத்திக்கொள்ள ஆசை, வலிக்குமா, எப்போது ஆறும், பகுதிநேர வேலைக்கு இடைஞ்சலா, வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். நான் வெளிநாடு வந்த மூன்றாவது மாதம் இதே இடத்தில் குத்திக்கொண்டேன். 16 வருடம் ஆகிவிட்டது, இன்னமும் போட்டிருக்கிறேன்.

வலி ஒரு நொடிதான். ஆற இரண்டு மூன்று மாதம். வேலையைப் பற்றி அங்கேயே கேட்டுக்கொள். வீட்டுக்குச் சொல்வது உன் விஷயம். நான் சொல்ல வேண்டியது கம்பியின் நீளத்தைப் பற்றி. கம்பி என்றால் உதட்டைத் துளைத்துப் போடுகிற நகை: வெளிமுனையில் சிறு குண்டு, உள்முனையில் தட்டையான தகடு.

முதலில் போடுகிற கம்பி வேண்டுமென்றேதான் நீளமாக இருக்கும். சில நாள் உதடு நன்றாக வீங்கும். கம்பி குட்டையாக இருந்தால் உள்பக்கத் தகடு சதைக்குள் புதைந்துவிடும். வீக்கம் வடிந்ததும், பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரத்தில், குத்தியவரிடமே போய்க் குட்டைக் கம்பி மாற்றிக்கொள்ள வேண்டும். நான் போகவில்லை. கையில் காசில்லை. "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீண் செலவு" என்றார்கள் கூடத் தங்கியிருந்தவர்கள்.

எட்டு மாதம் அப்படியே திரிந்தேன். எதையாவது யோசிக்கும்போது நாக்கு தானாகப் போய்த் தகட்டைத் தள்ளும், அது பல்லில் டிக் டிக்கென்று படும். ஒரு நாள் பல் விளக்கும்போது உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரிந்தது. பல் வளரவில்லை, ஈறுதான் மேலே ஏறியிருந்தது. ஏறிய ஈறு தானாக இறங்காது என்று பல் டாக்டர் சொன்னார். பல நாடுகளில் சாதாரண மருத்துவக் காப்பீட்டில் பல் வைத்தியம் சேராது. என்னுடையதிலும் சேரவில்லை. உன் காப்பீட்டுத் தாளை எடுத்து இன்றைக்கே படி.

சரி, குத்துகிற இடம். துப்பாக்கி மாதிரிக் கருவியை எடுத்தால் எழுந்து வந்துவிடு. அது சதையை நசுக்கித் துளைக்கும், பெரும்பாலானவற்றை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவியில், போட்டுச் சுத்திகரிக்கவும் முடியாது. உன் கண்முன் பிரிக்கிற புது ஊசிதான் வேண்டும். உள்பக்கம் தட்டையான கம்பி, உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியம். விலை குறைந்த கலப்பு உலோகத்தில் நிக்கல் இருக்கும், பலருக்கு ஒத்துக்கொள்ளாது. இதய வால்வில் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகவே போகாதே.

அப்புறம், நம்மவர்களின் வைத்தியம். வந்து இருபது வருடமான அண்ணன் ஒருவர் ஸ்பிரிட் தடவச் சொன்னார், ஒரு அக்கா தினமும் கம்பியைத் திருகிவிடச் சொன்னார். அவர்கள் யாரும் உதட்டில் குத்திக்கொண்டவர்கள் இல்லை. முன்னால் வந்துவிட்டதாலேயே எல்லாம் தெரியும் என்று நினைக்கிற இந்தப் பழக்கத்தால் புதிதாக வருகிற பிள்ளைகள்தான் அவதிப்படுகிறார்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் ஆறிவரும் சதையை அரிக்கும். திருகினால் காய்ந்த பொருக்கு உள்ளே போய்ப் புண்ணைக் கிளறும். வெளியே 0.9 சதவீத சலைன் (உப்புநீர்), காலையும் மாலையும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு. உள்ளே, சாப்பிட்டதும் ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ். மிருதுவான புது டூத்பிரஷ் வாங்கிக்கொள். ஆறும்வரை முத்தம் வேண்டாம், சிகரெட் வேண்டாம், மற்றவர் குடித்த கோப்பையும் வேண்டாம். ஸ்வெட்டரைக் கழற்றும்போது கழுத்துப்பட்டியை விரலால் விரித்துப் பிடி, கம்பியின் குண்டில் மாட்டினால் வலியில் உயிர் போகும்.

வெளிர்மஞ்சளாகக் கசிந்து காய்ந்தால் பயப்படாதே, அது நிணநீர். பச்சையாகச் சீழ், பரவுகிற சிவப்பு, காய்ச்சல் என்றால் அன்றே டாக்டரிடம் போ. கம்பியை நீயாகப் பிடுங்காதே. துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

ஈறு விஷயம் தெரிந்த அன்று மாலையே குத்தியவரிடம் தனியாகப் போனேன். அந்த ஊர் மொழி எனக்குச் சரியாக வராத காலம். கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் கையுறை மாட்டி, 11 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 8 போட்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. திரும்பி வரும்போது பேருந்தில் நாக்கால் தேடிப் பார்த்தேன். தகடு உதட்டோடு ஒட்டிக்கொண்டு, பல்லில் படாமல் இருந்தது.