சிகரெட்டை நிறுத்த வேப்பும் நிகோட்டின் பவுச்சும் உதவுமா? ஆய்வுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன?

உங்கள் கேள்வியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் முப்பது வருடமாகச் சிகரெட் பிடிக்கும் அப்பா. அவரை வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். இன்னொருவர் சிகரெட்டையே தொடாமல் நேராக வேப்புக்குப் போன கல்லூரித் தம்பி. 'இது வெறும் ஆவிதான்' என்று அவர் சொல்வது உண்மையா என்று கேட்கிறீர்கள். ஒரு ஆய்வு நல்லது என்கிறது, இன்னொன்று விஷம் என்கிறது, எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. பதினாறு வருடம் புகைத்தவன், விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. விட்ட பிறகு, புகையை நிறுத்த நினைப்பவர்களுக்கு உதவும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் தேடப் போய்த்தான் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் பழக்கம் வந்தது.

முதலில் அப்பா.

சிகரெட்டில் ஆளைப் பிடித்து வைப்பது நிகோட்டின். உயிரை எடுப்பது பெரும்பாலும் புகை. புகையிலை எரியும்போது ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் வருகின்றன, அவற்றில் எழுபது அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. மக்கள் நிகோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், தாரினால் (புகையில் உள்ள பிசுபிசுப்பான கழிவு) சாகிறார்கள் என்று மைக்கேல் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1976லேயே எழுதினார். அப்படியானால் எரிக்காமல் நிகோட்டினை மட்டும் கொடுத்தால் என்ன? நிகோட்டின் கம் அந்த யோசனையில் வந்ததுதான். புகைக்க வழியில்லாத நீர்மூழ்கிக் கப்பலில் மாலுமிகள் மெல்லும் புகையிலைக்கு மாறுவதைக் கேள்விப்பட்டு, ஓவே ஃபெர்னோ என்ற சுவீடன் விஞ்ஞானி அதை உருவாக்கினார். 2003 வாக்கில் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் இன்றைய மின்சிகரெட்டுக்கு வடிவம் கொடுத்தார். உதட்டுக்கடியில் வைக்கும் சிறு நிகோட்டின் பையான பவுச், சூடாக்கும் புகையிலைக் கருவி எல்லாம் அதே யோசனையின் பிள்ளைகள்.

வேப் சிகரெட்டை விட வைக்குமா என்றால், வைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2019இல் பிரிட்டனில் 886 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு வேப், மறு பாதிக்கு தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், கம் போன்றவை. இருவருக்கும் ஆலோசனையும் உண்டு. ஒரு வருடம் கழித்து வேப் குழுவில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள், மற்றதில் 9.9 சதவீதம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கோக்ரேன் குழுவும் இதே திசையில்தான் முடிவு சொல்கிறது. ஆனால் அந்த 2019 ஆய்விலேயே இன்னொரு எண் இருக்கிறது. வேப் உதவியால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் வருடக் கடைசியிலும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேட்ச், கம் குழுவில் அது 9 சதவீதம்தான். அதாவது சிகரெட் போனது, நிகோட்டின் போகவில்லை.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. வேப் வாங்கியவர்களில் நிறையப் பேர் சிகரெட்டை முழுதாக விடுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாளைக்கு இருபது என்பது ஆறாகக் குறைந்தது. மீதி நேரம் வேப். முக்கால்வாசி ஜெயித்துவிட்டேன் என்றே ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். புகையை நிறுத்த உதவும் ஒரு மையத்தில் என் மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளந்தார்கள். மூச்சை உள்ளிழுத்து, பதினைந்து விநாடி அடக்கி, ஒரு அட்டைக் குழாயில் மெல்ல ஊத வேண்டும். திரையில் எண் ஒவ்வொன்றாக ஏறும். இருபது பிடித்த காலத்தில் எனக்கு 22 காட்டியது. ஆறு மட்டும் பிடித்த அன்று 14. புகைக்காதவருக்கு அது ஐந்தாறைத் தாண்டாது. அளந்தவர் என்னைத் திட்டவில்லை. 'அந்த ஆறையும் எப்படி இழுக்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்டார். பஞ்சு சுடும் வரை இழுத்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து உடம்பு ஈடுகட்டிக்கொள்கிறது.

பிறகு 2018இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று அது காட்டியது. இருபதில் ஒரு பங்காக இருக்கும் என்றுதானே நினைப்போம்? படித்த அன்று அந்த 14 எனக்கு நினைவுக்கு வந்தது. அதனால் அப்பா வேப்புக்குப் போனாலும், சிகரெட் பாக்கெட் வீட்டில் இருக்கும் வரை இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை கொஞ்சம்தான்.

அப்பாவுக்கு நான் முதலில் வேப்பைச் சொல்ல மாட்டேன். மருந்துகள் இருக்கின்றன, நிறையப் பேர் அவற்றைச் சரியாகப் பயன்படுத்திப் பார்த்ததே இல்லை. கம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளினேன். நெஞ்சு எரிந்தது, விக்கல் வந்தது, 'இதெல்லாம் வேலைக்காகாது' என்று தூக்கிப் போட்டேன். அது மென்றுகொண்டே இருக்க வேண்டிய பொருள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காரம் தெரியும் வரை மெல்ல வேண்டும், பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மெல்ல வேண்டும். நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏறுகிறது, விழுங்கினால் வீண். காபியோ குளிர்பானமோ குடித்த உடனே போட்டால் வாயில் அமிலம் கூடி, சரியாக ஏறாது. கால் மணி நேரம் விட வேண்டும்.

பேட்ச் ஒன்றை ஒட்டிக்கொண்டு, ஆசை முட்டும் நேரத்தில் கம்மும் போடுவது, இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதை விட நன்றாக வேலை செய்கிறது. நான் விட்டது இந்த முறையில்தான். அப்புறம் புகையை நிறுத்த உதவும் வெரனிக்லின் மாத்திரை. அது மனநிலையைக் கெடுக்கும் என்ற பயம் நெடுநாள் இருந்தது. 2016இல் 16 நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் அப்படிக் குறிப்பிடத்தக்க அதிகரிப்பு எதுவும் தெரியவில்லை. அந்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, அதன் பெட்டியில் இருந்த கடும் எச்சரிக்கையை நீக்கியது. கிழக்கு ஐரோப்பாவில் 1960களிலிருந்து பயன்படும் சைட்டிசின் மாத்திரையும் இருக்கிறது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில் இவை இரண்டும், புப்ரோபியான் என்ற மாத்திரையும், பேட்ச், கம் போன்ற நிகோட்டின் மாற்றுகளும் இடம்பெற்றன. வேப் இடம்பெறவில்லை. எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள், முக்கியமாக அப்பா வேறு மருந்துகள் சாப்பிடுகிறார் என்றால்.

இடையில் ஒரு விஷயம், பலருக்குத் தெரியாது. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காபீனை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் தணிந்துவிடும். அதே அளவு காபி குடித்தாலும் ரத்தத்தில் காபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் சில வாரம் காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் முறையாக முயன்றும் முடியவில்லை, உங்கள் நாட்டில் சட்டமும் இடம் கொடுக்கிறது என்றால், முழுதாக வேப்புக்கு மாறுவது புகைத்துக்கொண்டே இருப்பதை விட நல்லது என்றே நினைக்கிறேன். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வேப் விற்கவே தடை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் கடைசி சிகரெட்டுக்கு ஒரு தேதி வேண்டும்.

தம்பி விஷயம் வேறு. அப்பாவுக்கு வேப்பை எதனோடு ஒப்பிடுகிறோம்? சிகரெட்டோடு. தம்பி சிகரெட்டே பிடித்ததில்லை, அவருக்கு ஒப்பீடு சுத்தமான காற்று. அந்த ஒப்பீட்டில் வேப் தோற்றுவிடும். அது நீராவி இல்லை. புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிகோட்டினும் வாசனைப் பொருட்களும் சூடாகி எழும் நுண்துளிகள். பழைய வேப்பில் நிகோட்டினைக் கூட்டினால் தொண்டை காந்தும், அதுவே ஒரு தடையாக இருந்தது. நிகோட்டினோடு பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பு வடிவில் கொடுத்தபோது அந்தக் காந்தல் போய்விட்டது. 2015இல் வந்த ஜூல் என்ற அமெரிக்க வேப் இப்படித்தான் 5 சதவீத நிகோட்டினை வழவழப்பாக உள்ளே இறக்கியது. 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் பிடிப்பதாகச் சொன்னார்கள். இருபத்தைந்து வயது வரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது, அந்த வயதில் பழக்கம் சீக்கிரம் வேர் பிடிக்கும். பவுச்சில் உள்ளே இழுக்க எதுவும் இல்லை, நுரையீரலுக்கு நிம்மதி. ஆனால் உதட்டுக்கடியில் யாருக்கும் தெரியாமல் நாள் முழுக்க வைத்திருக்கலாம் என்பதுதான் அதில் எனக்குப் பயம்.

தம்பியிடம் பொய்யான பயம் காட்டாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் 2,800க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணம் கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். சாதாரண வேப்பால் அத்தனை பேர் செத்தார்கள் என்று சொன்னால் அவர் தேடிப் பார்ப்பார். பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார். 'நாளைக்கு ஒரு நாள் இல்லாமல் இருந்து பார்' என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் அவருக்கே புரியும்.

ஆய்வுகள் முரண்படுவது பற்றி. 2015இல் வேப்பில் ஃபார்மால்டிஹைடு ஏராளம் என்று செய்தி பரவியது. கட்டுரையைத் திறந்தால், கருவியை 5 வோல்ட்டில் ஓட்டியபோதுதான் அது வந்தது, 3.3 வோல்ட்டில் கண்டுபிடிக்கும் அளவுக்கு வரவில்லை. அவ்வளவு சூட்டில் திரவம் கருகிக் கசக்கும், மனிதர் யாரும் அதை இழுக்க மாட்டார் என்று மற்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். வேப்பையும் மாரடைப்பையும் இணைத்த ஒரு கட்டுரையை அமெரிக்க இதய சங்கத்தின் இதழ் 2020இல் திரும்பப் பெற்றது. சிலருக்கு மாரடைப்பு வந்தது வேப் தொடங்குவதற்கு முன்பா பின்பா என்பதே சரியாகப் பிரிக்கப்படவில்லை. மறுபக்கமும் இப்படித்தான். சிகரெட்டை விட வேப் '95 சதவீதம் பாதுகாப்பு' என்ற எண் அளந்து வந்ததில்லை, நிபுணர்கள் கூடி மதிப்பிட்டது. பணம் யாருடையது என்பதையும் பார்க்கிறேன். 2017இல் புகையில்லா உலகத்துக்கென்று தொடங்கிய ஒரு அறக்கட்டளைக்குப் பணம் பிலிப் மோரிஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. 1950களில் புகழ்பெற்ற ஒரு சிகரெட்டின் 'பாதுகாப்பான' ஃபில்டரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்ததை நினைத்தால், இந்தத் தொழில் கொடுக்கும் நிம்மதியை உடனே வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

மொத்தமாகத் தடை செய்யலாமே என்றும் கடைசியில் கேட்டீர்கள். பூட்டான் 2004இல் புகையிலை விற்பனையைத் தடை செய்தது. கடத்தல் நிற்காமல் 2021இல் தளர்த்தியது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது வரி உயர்வும், சிகரெட்டில் நிகோட்டினையே குறைக்கும் யோசனையும். 2025 ஜனவரியில் எஃப்டிஏ ஒரு கிராம் புகையிலைக்கு 0.7 மில்லிகிராம் என்ற வரம்பை முன்மொழிந்தது. பழக்கமே பிடிக்காத சிகரெட் என்பது அதன் நோக்கம்.

சரி, அப்பாவுக்கு வருவோம். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின்படி, ஐம்பது வயதில் விட்டவர்களுக்குச் சுமார் ஆறு ஆண்டும், அறுபதில் விட்டவர்களுக்குச் சுமார் மூன்று ஆண்டும் ஆயுள் கூடுகிறது. அவரிடம் இதைச் சொல்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால் பழக்கம் கடுமையானது, 2 மில்லிகிராம் கம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டியிருக்கும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.