குழுவில் 'சிலர்'

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்பு வளாகத்தின் வாட்ஸப் குழுவுக்கு நான்தான் அட்மின். ஒரே அட்மின். மொத்தம் 200 பேர். தண்ணீர் வராது, லிஃப்ட் ஓடாது என்று சொல்வதற்காகத் தொடங்கிய குழு இது. இன்று அதில் விடிந்தால் பூப்படத்துடன் காலை வணக்கம், அதற்கு முப்பது கைகூப்பல்கள். நடுவே அரசியல் ஃபார்வர்டுகள். 'சிலருக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்ற அடிப்படை நாகரிகம்கூட இல்லை' என்று ஒருவர் போட, அதன்பின் நள்ளிரவு வரை சண்டை. கேட்டருகே நின்ற யாரோ ஒருவரைப் படம் பிடித்து 'உஷார்' என்று இன்னொருவர் போடுகிறார். இந்தக் களேபரத்தில் தொட்டி கழுவும் அறிவிப்பைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், பதினான்கு விதிமுறைகள் எழுதிப் போட்டேன். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. பேசாமல் குழுவை விட்டு வெளியேறிவிடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம். குழுவில் உங்கள் வாசகர்களும் இருக்கிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு கணக்கு. உங்கள் குழுவில் ஆளுக்கு ஒரே ஒரு செய்தி போட்டால் ஒரு நாளைக்கு 200 செய்திகள். ஒவ்வொன்றையும் மற்ற 199 பேர் பார்க்க வேண்டும். ஆக 39,800 பார்வைகள். பார்வைக்கு மூன்று விநாடி என்றாலும் 33 மணி நேரம். போடுகிறவருக்கு ஆகும் செலவு இரண்டு விநாடி, மிச்சச் செலவெல்லாம் மற்றவர்கள் தலையில். தன் கையிலிருந்து எதுவும் போகாதபோது, 'ஒரு வணக்கம் சொன்னால் என்ன குறைந்துவிடும்' என்றுதான் யாருக்கும் தோன்றும். திட்டினால் அவருக்கு மனசுதான் வலிக்கும், கணக்கு புரியாது.

இது வாட்ஸப் கொண்டுவந்த வியாதியும் இல்லை. மின்னஞ்சல் காலத்திலேயே இருந்தது. 1995இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டி, ஒருவரோடு கருத்து வேறுபாடு வந்தால் எல்லோருக்கும் போகும் பொதுப் பட்டியலில் தொடராமல் அவருக்குத் தனியாக எழுதச் சொல்கிறது. யாரும் கேட்கவில்லை. 1997இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் நடந்த கூத்து இன்னும் பிரசித்தம். பல ஆயிரம் பேர் இருந்த ஒரு மின்னஞ்சல் பட்டியலில், 'என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் எல்லோருக்கும் போகும்படி எழுதினார். 'என்னையும்' என்று அடுத்தவர்கள். 'எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்' என்று இன்னும் சிலர், அதையும் எல்லோருக்கும் போட்டு! மின்னஞ்சல் அமைப்பே படுத்துவிட்டது. 'குழுவில் தேவையில்லாததைப் போடாதீர்கள்' என்று நீங்கள் போட்ட செய்தியும் இந்தக் கடைசி ரகம்தான். கோபிக்காதீர்கள்.

எனவே குழுவிலே பேசுவதை நிறுத்திவிட்டு, முதலில் எண்ணுங்கள். குழுவின் மெனுவில் 'எக்ஸ்போர்ட் சாட்' இருக்கிறது. படங்கள் இல்லாமல் எடுத்தால் ஒரு எழுத்துக்கோப்பு வரும். ஒவ்வொரு செய்தியும் தேதி, நேரம், பெயர் என்று தொடங்கும். கடைசி ஒரு மாதத்தை எக்செல்லில் ஒட்டி, பெயர்வாரியாக எண்ணிப் பாருங்கள். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் இணையச் சமூகங்களைப் பற்றிச் சொன்ன ஒரு தோராய விகிதம் உண்டு: நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்ப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், பெரும்பகுதியை எழுதுவது ஒரே ஒருவர். உங்கள் குழுவில் விகிதம் கொஞ்சம் மாறலாம். ஆனால் 'எல்லோரும் இப்படித்தான்' என்று நினைத்தது நான்கைந்து பெயர்களில் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள்.

நான்கு பேரின் பழக்கத்துக்காக 200 பேருக்குப் பதினான்கு விதிகள் எதற்கு? அந்த நால்வரிடம் தனியாகப் பேசினால் போதும். அதிலும் 'நீங்கள் நிறையப் போடுகிறீர்கள்' என்று ஆரம்பித்தால் அன்றோடு உறவு முடிந்தது. 'சார், தொட்டி கழுவுகிற அறிவிப்பு எட்டு மணிக்குப் போட்டேன். அதற்கு மேலே நாற்பது செய்தி வந்துவிட்டது. பேச்சுக்குத் தனியாக ஒரு குழு திறக்கிறேன், அதை நீங்கள் நடத்த முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். அதிகம் பேசுகிறவருக்கு ஒரு மேடையைக் கொடுத்துவிடுவதுதான் வழி. காலை வணக்கம் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை: அவர்களில் பலர் தனியாக இருப்பவர்கள், வயதானவர்கள். அந்தப் பூப்படம் 'இன்றும் இருக்கிறேன்' என்கிற வருகைப்பதிவு. கேலி செய்ய வேண்டாம். இடம்தான் தப்பு.

ஆக, குழு இரண்டு வேண்டும். அறிவிப்புக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. அறிவிப்புக் குழுவில் குழு அனுமதிகளுக்குப் போய், செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். 2018இலிருந்தே இந்த வசதி உண்டு. 2022இல் வந்த 'கம்யூனிட்டி' வசதியில் அறிவிப்புக் குழு தானாகவே இப்படி அமையும், பேச்சுக் குழுக்களை அதன் கீழே தொங்கவிடலாம். இது எங்கே சொதப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அட்மின் என்றால் நீங்கள் தூங்கும்போது குழாய் உடைந்தால் அறிவிக்க ஆளில்லை. குறைந்தது மூன்று பேராவது வேண்டும். அறிவிப்புக் குழுவில் வாரத்துக்கு ஐந்தாறுக்கு மேல் போனால் அதையும் மியூட் செய்துவிடுவார்கள், பிறகு மூன்றாவது குழு தேடவேண்டியதுதான். பேச்சுக் குழு திறக்காமல் அறிவிப்புக் குழுவை மட்டும் பூட்டினாலோ, அத்தனை பேச்சும் உங்கள் தனிச் செய்திப் பெட்டிக்கு வந்து சேரும்.

தொட்டி அறிவிப்பைப் பாதிப் பேர் பார்க்காததற்குக் காரணம் கூட்டம் மட்டும் அல்ல என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்திருக்கும்: 'அன்பார்ந்த குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். தங்கள் மேலான கவனத்திற்கு…' செய்திப் பட்டியலில் கண்ணில் படுவது முதல் ஒரு வரிதான். அந்த ஒரு வரியை மரியாதை தின்றுவிட்டது. இப்படி எழுதுங்கள்: 'செவ்வாய் 14ஆம் தேதி காலை 9 முதல் 1 வரை தண்ணீர் வராது. பி பிளாக் மட்டும்.' வணக்கம் கடைசியில் வரட்டும். 'நாளை' என்ற சொல்லை அறிவிப்பில் தொடவே தொடாதீர்கள். இன்று இரவு போட்டதை நாளை காலை படிப்பவருக்கு அது நாளை மறுநாள் ஆகிவிடும். அறிவிப்பைப் படமாகவும் போடக்கூடாது. தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்தி வைத்திருப்பவருக்கு அது மங்கலான கட்டம், பின்னால் தேடினாலும் அகப்படாது. போட்டதும் 'பின்' செய்யுங்கள், அதாவது குழுவின் உச்சியில் நிற்கும்படி குத்தி வையுங்கள்: 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவுகள் உண்டு. தவறு இருந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அது தாண்டிவிட்டால், 'மேலே உள்ளதில் 9 அல்ல, 10' என்று தனியாக மிதக்க விடாமல் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் இருக்கிறது.

கருத்துக் கேட்பதென்றால் 'போல்' என்ற வாக்கெடுப்பைப் போடுங்கள். அறுபது 'ஓகே' மிச்சம். 12 விடைகள் வரை வைக்கலாம். பல விடைகளை அனுமதிக்கும் பொத்தானை அணைக்க மறந்தால் ஒரே ஆள் எல்லாவற்றையும் குறித்துவிட்டுப் போவார். யார் எதற்கு வாக்களித்தார் என்பதும் சாதாரணமாக எல்லோருக்கும் தெரியும், அதனால் சங்கடமான கேள்விகளுக்கு இது ஆகாது. நன்றி சொல்ல ரியாக்‌ஷன் போதும் என்று சொல்லிக்கொடுங்கள். அதன் மணி செய்தி போட்டவருக்கு மட்டும்தான் அடிக்கும்.

இனி அந்த 'சிலர்'.

குழுக்களைக் கெடுப்பதில் முதலிடம் காலை வணக்கத்துக்கு அல்ல, இந்தச் சொல்லுக்குத்தான். பெயர் சொல்லாததால் நாகரிகமாக நடந்துகொண்டோம் என்று எழுதியவர் நினைக்கிறார். நடப்பது வேறு. வண்டியைக் குறுக்கே நிறுத்தியவர் அந்தச் செய்தியைப் படித்தே இருக்கமாட்டார், படித்தாலும் அது தன்னை இல்லை என்று நினைப்பார். ஒழுங்காக நிறுத்திய பத்துப் பேருக்குத்தான் சுருக்கென்று குத்தும். அதில் ஒருவர் 'யாரைச் சொல்கிறீர்கள்?' என்று கேட்பார். 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்று பதில் வரும். தீர்ந்தது, நள்ளிரவு வரை ஓடும். எழுத்தில் குரலின் ஏற்ற இறக்கம் இல்லாததால், அடுத்து வருகிற ஒவ்வொரு வரியையும் மிகக் கடுமையான தொனியில்தான் வாசிப்பார்கள்.

ஜாடையை ஒரு தேவையாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். '4321 எண் வண்டி யாருடையது? பின்னால் நிற்கும் வண்டியை எடுக்க வேண்டும்.' இதில் தீர்ப்பு இல்லை, சண்டைக்குப் பிடிமானமும் இல்லை. வண்டி யாருடையது என்று தெரிந்தால் இதுகூடக் குழுவில் வேண்டாம். செய்தியை அழுத்திப் பிடித்தால் மெனுவில் 'தனியாகப் பதிலளி' வரும், அது எதற்கு இருக்கிறது?

சண்டை பற்றிக்கொண்டுவிட்டால், இரவு 10 முதல் காலை 7 வரை பேச்சுக் குழுவையும் அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். சண்டைக்குத் தீனி உடனடிப் பதில்தான், ஒன்பது மணி நேரம் பதில் போட முடியாதவர் காலையில் பெரும்பாலும் விட்டுவிடுவார். ஆனால் பூட்டும் நேரத்தைப் பாருங்கள். உங்கள் நண்பர் கடைசி வார்த்தையைச் சொன்ன மறுநிமிடம் பூட்டினால் நீங்கள் நடுவர் அல்ல, கட்சிக்காரர். அதனால் பூட்டும் நேரத்தை முன்பே அறிவித்து, சண்டை இல்லாத நாளிலும் அதே நேரத்துக்குப் பூட்டுவது நல்லது. அட்மின் எவருடைய செய்தியையும் எல்லோருக்கும் அழிக்கலாம். ஆனால் அட்மின் நீக்கினார் என்ற தடம் அங்கேயே நிற்கும், அதற்குள் நான்கு பேர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். தொலைபேசி எண், முகப் படம், வசவு இம்மூன்றுக்கு மட்டும் அந்தப் பொத்தானை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டருகே நின்றவரின் படம் விளையாட்டு அல்ல. அமெரிக்காவில் அக்கம்பக்கத்தாருக்கென்றே நடக்கும் நெக்ஸ்ட்டோர் தளத்தில், கறுப்பினத்தவர் தெருவில் நடந்தாலே 'சந்தேக நபர்' என்று பதிவு போடும் பழக்கம் பெரிய பிரச்சினையானது. 2016இல் அவர்கள் பதிவுப் படிவத்தையே மாற்றினார்கள். இனத்தைக் குறிப்பிட்டால், உடை போன்ற வேறு இரண்டு அடையாளங்களையாவது சொன்னால்தான் பதிவு ஏறும். அப்படிப்பட்ட பதிவுகள் 75 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. தடை ஏதும் போடவில்லை, போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். உங்களிடம் படிவம் இல்லை, பின் செய்த செய்தி இருக்கிறது. 'என்ன செய்தார்? எங்கே? எத்தனை மணிக்கு? இவை மூன்றும் இல்லாமல், முகப் படத்தோடு எதுவும் வேண்டாம்' என்று எழுதி வையுங்கள். 'என்ன செய்தார்' என்பதற்கு 'நின்றார்' என்பதுதான் பதில் என்றால் போட ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஆபத்து என்றால் முதல் அழைப்பு காவல்துறைக்கு. பாதிப் பேர் மியூட்டில் இருக்கும் குழு அவசர எண் ஆகாது.

வாட்ஸப்பில் ஃபார்வர்டுக்கு வரம்பு வந்ததே இந்தச் 'சந்தேக நபர்' வகை வதந்தியால்தான். 2018இல் இந்தியாவில் குழந்தை கடத்துகிறவர்கள் என்ற புரளியில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தார்கள், 2019 ஜனவரியில் உலகம் முழுக்க. பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி வந்தது, 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு சமயத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. இந்த இரட்டை அம்பை உங்கள் விதியாக்கிக்கொள்ளுங்கள்: 'இரட்டை அம்பு எந்தக் குழுவிலும் கிடையாது.' செய்தி உண்மையா பொய்யா, எந்தக் கட்சி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, அம்பு இருக்கிறதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரிகிறது. நகலெடுத்து ஒட்டினால் அம்பு வராது என்பது ஓட்டைதான். ஆனால் பெரும்பாலோருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பதினான்கு விதிகளைத் தூக்கிவிடுங்கள். இரட்டை அம்பு, முகப் படம், இரவு 10 மணி. மூன்று போதும். அவற்றையும் குழு விவரணையில் போட்டால் யாரும் திறந்து பார்ப்பதில்லை, புதிதாகச் சேர்கிறவருக்கு நீங்களே தனியாக அனுப்பிவிடுங்கள்.

வெளியேறுவதைக் கேட்டிருந்தீர்கள். 2022இலிருந்து வெளியேறுவது அட்மின்களுக்கு மட்டுமே தெரியும், பொதுவில் அறிவிப்பு வராது. வெளியேறியவர்களின் பட்டியலை மட்டும் 60 நாள் வரை தேடிப் பார்க்கலாம். உங்கள் விஷயத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஒரே அட்மின் வெளியேறினால், மிச்சமிருப்பவர்களில் யாராவது ஒருவரை வாட்ஸப் தானாகவே அட்மின் ஆக்கிவிடும். பூப்படக்காரராக இருந்தால்கூடப் பரவாயில்லை, 'சிலர்' என்று எழுதினாரே, அவராகவும் இருக்கலாம். போவதற்கு முன் இரண்டு பேரை அட்மின் ஆக்கிவிட்டுப் போங்கள்.